சரக்கு ரயில் நிற்கும் மதியம்

திரையில் திறந்திருந்த புகைப்படத்தில் ஆட்கள் ரயில் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே, கட்டைக்குக் கட்டை காலை எட்டி வைத்து, வரிசையாக. முன்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர். அவர் கையில் ஜாம் பாட்டிலுக்குள் ஒரு மெழுகுவத்தி எரிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையைத் தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டிருந்தாள். குழந்தையின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. பாலத்துக்குக் கீழே அகலமான, ஈய நிறத்து ஆறு. போன வருஷம் எடுத்த அந்தப் படத்தை அனுப்பிய லண்டன் காப்பீட்டு நிறுவனம் அதன் அடியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. இதற்கு விளக்கம் தேவை.

படம் அழகாக இருக்கிறது என்பதுதான் செண்பகவல்லிக்கு முதலில் தோன்றியது. அடுத்ததாக, தான் நிரப்பிய படிவம் நினைவுக்கு வந்தது. அதற்குள் டீம் லீடர் சுனில் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டான். மார்த்தாண்டத்துக்காரன். பதற்றம் வந்தால் அவன் பேச்சில் மலையாளம் கூடும்.

"செண்பகம், இது நம்ம ரயில்தானா?"

"ஆமா சேட்டா. ஹார்லின் பாலம்."

"பாலத்துல எதுக்கு இத்தன ஆளு? ஷூட்டிங்கா?"

"அக்கரையில கல்லறைத் தோட்டம் இருக்கு. நவம்பர்ல ஒரு நாள் ஊரே நடந்து போவாங்களாம். டோரீன் சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"போன மாசம் கால்ல."

சுனில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "எந்தா செண்பகம் இது. ஃபாரத்துல, பாதையில பொதுமக்கள் நடப்பாங்களான்னு ஒரு கேள்வி இருக்குல்லா? அதுக்கு இல்லன்னு அடிச்சு வச்சிருக்கியே. தெரிஞ்சேதான் அடிச்சியா?"

தெரிந்துதான் அடித்தாள். ஆனால் பொய் சொல்கிறோம் என்று அடிக்கவில்லை. அதை எப்படிச் சொல்வதென்று அவளுக்கு அப்போது பிடிபடவில்லை.

நகரத்துக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் அவர்களுடைய அலுவலகம் செய்யும் வேலையை அவளுடைய அப்பாவுக்குப் புரிய வைக்க அவள் பலமுறை முயன்று விட்டுவிட்டாள். சரக்கு ரயில் ஓட்ட தண்டவாளமும் எஞ்சினும் இருந்தால் போதாது. ஒரு வண்டி தடம் புரண்டு, அதில் இருப்பது ஊர்மேல் கொட்டினால், அந்த ஊருக்கு நஷ்டம் கொடுக்க யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். கனடாவில் அந்தக் காப்பீடு இருந்தால்தான் ஒழுங்குமுறை ஆணையம் ரயில் ஓட்ட அனுமதி தரும். காப்பீடு போனால் அனுமதியும் போகும். பெரிய நிறுவனங்கள் இதற்கென்று ஒரு மாடி நிறைய வக்கீல்களை வைத்திருக்கும். ஹார்லின் ரயில் மாதிரி சிறியவை, வயல்களுக்கு நடுவே இரண்டு எஞ்சின்களை வைத்துக்கொண்டு கோதுமையையும் உரத்துக்கான அமோனியாவையும் இழுப்பவை, இந்த வேலையைக் கழக்கூட்டத்துக்கு அனுப்பிவிடுகின்றன.

அப்பா வன்னியபெருமாளுக்குச் சாலை பஜாரில் பாத்திரக்கடை. தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து வைத்த கடை. மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் "ரயில்வேயில இருக்கா" என்று சொல்லி முடித்துவிடுவார். வீட்டில்தான் கேள்வி வரும். "ரயிலு ஓட்டுதவன் கனடாக்காரன். இன்சூரன்ஸ் குடுக்கவன் லண்டன்காரன். நடுவுல நீ யாருட்டி?" அவர் கேலியாகத்தான் கேட்பார். அவளும் சிரித்துக்கொண்டே தோசையைப் பிய்ப்பாள். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்தக் கேள்வி பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவளிடம் ஒரு ரகசியமான பதில் இருந்தது. யாரிடமும் சொல்லக்கூடிய பதில் அல்ல. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லாம் தூரதேசத்து ரயில் ஒன்று பனிக்குள் வந்து நிற்கும். யாரோ இறங்குவார்கள், யாரோ காத்திருப்பார்கள். அப்படி ஒரு ரயில் இப்போது அவள் பொறுப்பில் இருந்தது. அலுவலகத்தில் ஒரு முழு ரயில்பாதை ஒரே ஆளிடம் கொடுக்கப்பட்டது அவளுக்குத்தான் முதல்முறை. மதிய இடைவேளையில் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஹார்லினைத் திறந்து வைத்துக்கொள்வாள். தானியக் களஞ்சியங்கள், பச்சைக்கூரை தேவாலயம், ஆற்றின் வளைவு, அதன்மேல் ஒரு தீக்குச்சியைப் போலக் கிடக்கும் பாலம். அந்த ஊரில் எந்த வீட்டுக்குப் பின்னால் துணி காய்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியும்.

அன்று மாலையே டோரீனை அழைத்தார்கள். ஹார்லின் ரயிலை நடத்தும் பெண்மணி அவள். அங்கே காலை. கையில் காபிக் கோப்பையோடு, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சரக்குப் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுனில் நல்ல ஆங்கிலத்தில், நல்ல மனதோடுதான் சொன்னான். ஒரே ஒரு கடிதம் போதும். இந்த ஆண்டிலிருந்து பாலத்தில் யாரையும் நடக்க விடமாட்டோம் என்று ரயில் நிறுவனம் எழுதித் தர வேண்டும். காப்பீடு புதுப்பிக்கப்படும், அனுமதி அப்படியே தொடரும்.

டோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் சொன்னதைச் செண்பகவல்லி நெடுநாள் மறக்கவில்லை. சாலைப் பாலத்துக்கு ஆற்றோடு மேலே வெகுதூரம் போக வேண்டும். முன்பெல்லாம் படகில்தான் கல்லறைக்குப் போவார்கள். ஒரு நவம்பரில் திரும்பி வந்த படகு கவிழ்ந்தது. அடுத்த வருஷம் அப்போதைய ரயில் மேலாளர் யாரிடமும் கேட்காமல் வண்டியை நிறுத்தி, பாலத்தைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த மதியத்தில் ஹார்லினில் ரயில் ஓடியதில்லை. "அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் டோரீன். "போட்டுவிட்டு இந்த ஊரில் ரொட்டி வாங்கக்கூட என்னால் போக முடியாது." கொஞ்சம் பொறுத்து, தணிந்த குரலில், களஞ்சியங்கள் நிறைந்துவிட்டன, மாதக் கடைசியில் காப்பீடு முடிகிறது, அதற்கு மேல் ஒரு சக்கரம்கூட அசையக்கூடாது என்பது தனக்கும் தெரியும் என்றாள்.

அழைப்பு முடிந்ததும் சுனில் சீலிங்கைப் பார்த்தான். "நல்ல அம்மச்சி. கூட்டத்தோட மூழ்கும், தனியா கரையேறாது." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "கேட்டியா, வெள்ளிக்கிழம சாயங்காலம் லண்டன்காரன் பியர்ஸ் கால்ல வாரான். அதுக்குள்ள ஒரு வழி இல்லேன்னா இந்த அக்கவுண்ட ஸ்ரீலட்சுமிக்கு மாத்தச் சொல்லி மேல இருந்து வந்துரும். எனக்குப் பிடிச்சிட்டில்ல, ஆனா வரும்."

"எனக்கு வெள்ளிக்கிழம வீட்லேந்துதான் சேட்டா கால் எடுக்கணும். ஆறாட்டு. ரோடெல்லாம் அடச்சிருவாங்க."

"ஐயோ, அத ஓர்மைப்படுத்தாதே. அன்னைக்கு எனக்குப் பெங்களூர் ஃபிளைட். சாயங்காலம் இருந்தத ராத்திரிக்கு மாத்திட்டான். ரன்வே அடைப்பாம்." சுனில் பையைத் தோளில் மாட்டினான். "சாமி கடல்ல குளிக்கப் போறதுக்கு நான் ஏர்போர்ட்ல உக்காந்து பப்ஸ் தின்னணும்."

அவன் போன பிறகும் அவள் நாற்காலியைவிட்டு எழவில்லை. வெளியே நெடுஞ்சாலையில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ரன்வே அடைப்பு. பிறந்ததிலிருந்து வருஷத்துக்கு இரண்டுமுறை கேட்கிற சொல். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி மேற்குக் கோட்டையிலிருந்து சங்குமுகம் கடலுக்குக் குளிக்கப் போவார், அதுதான் ஆறாட்டு. போகிற வழியில் விமான ஓடுதளம். வழி முன்பே இருந்தது, ஓடுதளம் பிறகு வந்தது. அதனால் அந்த மாலையில் விமானங்கள் நிற்கும். யானையும் குதிரையும் பல்லக்கும் ஓடுதளத்தைக் கடக்கும். டோரீன் அன்று போனில், "அந்த மதியம் வண்டிகளை நிறுத்திவிடுவோம், ஊர் பாலத்தில் நடக்கும்" என்றபோது அவள் பேனாவைக்கூட எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. வேறு எந்த ஊர்க்காரி கேட்டிருந்தாலும் பதறிப்போயிருப்பாள். இவளுக்கு அது, மழை பெய்தால் குடை பிடிப்போம் என்று சொன்னதுபோல இருந்தது. பாதையில் மக்கள் நடப்பார்களா? இல்லை. அவர்கள் நடக்கும்போது அது பாதையாக இருப்பதில்லையே.

தன் தவறு எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் வழியும் அங்கேதான் கிடக்கிறது என்று அவளுக்குப் பட்டது. விமான நிலையம் ஆறாட்டை மறைப்பதில்லை, தடுப்பதும் இல்லை. முன்கூட்டியே உலகத்துக்கு அறிவிக்கிறது. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை ஓடுதளம் மூடியிருக்கும். துபாயிலிருந்து வருகிற விமானிக்கும் அது தெரியும். ஊர்வலம் போன பிறகு ஓடுதளத்தைச் சுத்தம் செய்து, சோதித்து, அதன் பிறகுதான் விளக்குகளைப் போடுகிறார்கள். வழக்கம் என்று சொல்லி விட்டுவிடாமல் அதை ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஹார்லினில் இத்தனை வருஷமாக எழுதாமல் இருந்ததுதான் குறை.

அடுத்த இரண்டு நாட்களும் அவள் அந்த விதியை எழுதினாள். டோரீனிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். அன்று பாதையை மூடும் அதிகாரம் யாருக்கு? கடைசி வண்டி எங்கே நிற்கும்? அமோனியா டாங்கிகளை முந்தின நாளே ஊருக்கு அப்பால் கொண்டுபோய்விட முடியுமா? பாலத்தின் இரண்டு முனையிலும் கொடியோடு யார் நிற்பார்கள்? எல்லோரும் திரும்பிவிட்டார்கள் என்று யார் சொல்வார்கள்? சொன்ன பிறகு, முதல் வண்டிக்கு முன்னால் பாதையை யார் நடந்து பார்ப்பார்கள்? சில கேள்விகளுக்கு டோரீன் உடனே பதில் சொன்னாள். சிலவற்றுக்கு, "அதெல்லாம் ஜிம் பார்த்துக்கொள்வான், எப்போதும் பார்த்துக்கொள்கிறான்" என்றாள். "ஜிம்முக்குக் காய்ச்சல் வந்தால்?" என்று இவள் கேட்டாள். மறுமுனையில் டோரீன் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். எழுதி முடித்து அனுப்பியபோது அது ஏழு பக்கம் இருந்தது. சுனில் படித்துவிட்டு எழுந்து போய் இரண்டு கப் சாயாவோடு வந்தான். அவன் தானாகச் சாயா எடுத்து வந்து அவள் பார்த்ததில்லை.

"பியர்ஸ் கேப்பான்," என்றான். "இதுக்கு முன்ன எங்கயாச்சும் இப்படி உண்டான்னு கேப்பான். அங்க மாட்டிக்காம பாத்துக்கோ."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வேட்டி மடிப்புக் கலையாமல் கிளம்பி நின்றார். வலியசாலையில் அவர்கள் தெருவே கோட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"நீ வரலியாட்டி?"

"கால் இருக்குப்பா."

"சாமி கடலுக்குப் போறாரு. இவ ரயிலுக்குப் போறா." அவர் செருப்பை மாட்டினார். "சரி, உனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வாரேன்."

உட்புற அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா உலகம்மை அடுக்களையில் நாளைக்குப் பொடி திரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, மிக்ஸிய நிப்பாட்டு. லண்டன்ல கேக்கும்."

"கேக்கட்டும். மொளகாப்பொடின்னு சொல்லு." ஆனாலும் நிறுத்திவிட்டாள். கதவோரம் வந்து நின்று, திரையில் தெரிந்த வெள்ளைக்காரனைப் பார்த்துவிட்டுத் தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பியர்ஸ் ஒல்லியான மனிதர். களைத்திருந்தார். முரட்டுத்தனம் இல்லை. ஏழு பக்கத்தையும் படித்திருந்தது கேள்விகளிலேயே தெரிந்தது. அமோனியா டாங்கிகளைப் பற்றிக் கேட்டார். அவள் சொன்னாள். கொடி பிடிப்பவர்களைப் பற்றிக் கேட்டார். சொன்னாள். பிறகு, பாலத்தின் நடுவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். அது ஏழு பக்கத்தில் இல்லை. திரையின் இன்னொரு கட்டத்திலிருந்து டோரீன் பேசினாள். பாதை சோதிக்கும் தள்ளுவண்டி ஒன்று இருக்கிறது, அது மெதுவாக அவர்களுக்குப் பின்னாலேயே வரும். எட்டாவது பக்கமாகச் சேர்த்துவிடலாம். பியர்ஸ் குறித்துக்கொண்டார். சுனில் ஏர்போர்ட்டில் இருந்துகொண்டு, மைக்கை அணைத்துவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வெறும் நாற்காலிகள் வரிசையாகத் தெரிந்தன.

"இதையெல்லாம் ஏற்றுக்கொள்ளலாம்," என்றார் பியர்ஸ். "ஆனால் மேலிடத்தில் என்னைக் கேட்பார்கள். நடப்பவர்களுக்காக ஒரு போக்குவரத்துப் பாதையை மூடுவதா, எழுத்தில், ஒவ்வொரு ஆண்டும்? இதற்கு முன்னுதாரணம் ஏதாவது உண்டா?"

"எங்கள் ஊரில் ஒரு சர்வதேச விமான நிலையம் இருக்கிறது," என்றாள் செண்பகவல்லி. "இந்த நிமிடம் அது மூடியிருக்கிறது."

"வானிலை சரியில்லையா?"

"வானிலை நன்றாக இருக்கிறது. கடவுள் கடலில் குளிக்கப் போயிருக்கிறார். ஓடுதளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்."

பியர்ஸ் இன்னொரு திரையில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. சுனில் தன் போனைத் திருப்பி, கண்ணாடிச் சுவருக்கு வெளியே இருந்ததைக் காட்டினான். இருட்டத் தொடங்கியிருந்த களத்தில் விமானங்கள் எல்லாம் மூக்கைத் தாழ்த்தி வரிசையாக நின்றன.

"அறிவிப்பு இருக்கிறது," என்றார் பியர்ஸ், மெதுவாக. "தேதி, நேரம் எல்லாம். ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறது." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீங்கள் படிவத்தில் இல்லை என்று போட்டதற்குக் காரணம் இதுதானா?"

"ஆமாம். தவறு என்னுடையது. வண்டி ஓடாத பாதையில் ஆள் நடப்பதை நாங்கள் ஆபத்தாக நினைப்பதில்லை. ஆனால் ஓடவில்லை என்பதை நான் எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதியிருக்கிறேன்."

அழைப்பு முடிந்ததும் வீடு மிகவும் அமைதியாக இருந்தது. மாலையில் தலைக்கு மேலே வழக்கமாக இரைந்துகொண்டு போகும் விமானங்கள் இல்லை. அம்மா அருகில் வந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலா என்று பார்ப்பதுபோல. "நல்லாத்தான் பேசுதே," என்றாள். "ஆனா சாமி குளிக்கிறத எல்லாம் அவன்கிட்ட எதுக்குட்டி சொன்னே?"

திங்கட்கிழமை காப்பீட்டுச் சான்று வந்தது. அதை அவளே ஆணையத்துக்கு அனுப்பினாள். அனுமதி தொடர்கிறது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இரண்டு வரியையும் சுனில் அலுவலகம் கேட்க உரக்க வாசித்தான், பிறகு, "பப்ஸ் தின்னது வெறுதே வீணாகல்ல" என்றான். ரயில் நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் புதிய பகுதி ஏறியது. அதற்குத் தலைப்பாக ஊர்க்காரர்கள் அந்த நடைக்கு வைத்திருந்த பெயரையே போட வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். டோரீன் அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். வேகக் கட்டுப்பாட்டுக்கும் பிரேக் சோதனைக்கும் நடுவே, அதே எழுத்தில், அதே அளவில் இருந்தது: அக்கரை நடை.

நடை முடிந்த மறுநாள் காலை வீடியோ வந்தபோது அவள் அப்பாவின் கடையில் இருந்தாள். மதியச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போக வேண்டும். சாலை பஜார் அப்போதுதான் சூடு பிடித்துக்கொண்டிருந்தது. சுமட்டுக்காரர்கள் மூட்டைகளோடு வழி கேட்டுக் கத்திக்கொண்டு போனார்கள். அப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். கவிழ்த்து வைத்திருந்த ஒரு பித்தளைக் குடத்தின்மேல் அவள் போனைச் சாய்த்து வைத்தாள்.

பாலத்துக்கு இப்பால் சரக்கு ரயில் நின்றது. எஞ்சினுக்குப் பின்னால் கோதுமைப் பெட்டிகள், முடிவு தெரியாமல், வயலின் வளைவுவரை. நவம்பர் மதியம் அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது, எஞ்சினின் முகப்பு விளக்கைத் தணித்து வைத்திருந்தார்கள். அதன் எதிரே ஆட்கள் ஒவ்வொருவராகப் பாலத்தில் ஏறினார்கள். ஜாம் பாட்டில்களில் வெளிச்சம். ஒரு முனையில் கொடியோடு ஒருவன், ஜிம்மாக இருக்க வேண்டும். கடைசியில் எஞ்சினின் கதவு திறந்தது. ஓட்டுநர் கம்பியைப் பிடித்து இறங்கி, கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, அவரும் நடக்கத் தொடங்கினார்.

"டிரைவரும் எறங்கிட்டாரே," என்றார் அப்பா.

"அவரு ஆளுகளும் அந்தக் கல்லறையிலதான இருப்பாங்க."

"ஆருமே இல்லாம இம்புட்டு நீள வண்டி சும்மா நிக்கி." அவர் குனிந்தார். அவர் மூச்சு திரையில் பட்டது. "ரயிலு இப்பிடி நின்னு நான் பாத்ததில்ல. ஆரு நிப்பாட்டச் சொன்னது?"

"எப்பவும் நிப்பாட்டுறதுதான்."

"அது சரி. இந்தத் தடவ?"

அவள் தூக்குப் பையின் காதை விரலில் சுற்றினாள். பிறகு விட்டாள்.

"நான்தான்ப்பா."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, எதிர்ச்சாரியில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் பகவதிப்பெருமாளை, நடுவில் ஒரு ஆட்டோ போவதையும் பொருட்படுத்தாமல், கூப்பிட்டார். "எவே! கடைய அப்பிடியே விட்டுட்டு இங்க வாரும். வாரும்வே, சொல்லுதேன்."

அவர் வருவதற்குள் வீடியோ முடிந்துவிடக்கூடாதென்று செண்பகவல்லி அதைத் திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டாள். அங்கே பனி விழத் தொடங்கியிருந்தது. விளக்கின் மங்கிய வெளிச்சத்துக்குள் அது இறங்குவது மட்டும் தெரிந்தது. எதிரே அடுக்கியிருந்த பித்தளைக் குடங்களில், ஒவ்வொன்றின் வயிற்றிலும், அந்த ரயில் சின்னதாக நின்றுகொண்டிருந்தது.